எல்க் வேட்டைக்கு முன் குடலிறக்க அறுவைச் சிகிச்சை: நாள் குறிப்பது எப்படி?

கவட்டில் ஒரு புடைப்பு. இருமினால் வெளியே வருகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. கையிலோ கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்கான உரிமம். இந்த இரண்டும் ஒரே ஆண்டில் வாய்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறுவைச் சிகிச்சை நிபுணருக்கு மலையில் இறைச்சி சுமப்பது என்றால் என்னவென்று தெரியாது. வேட்டைக்குப் போகிறவர்களுக்குக் காப்பீட்டுப் படிவம் புரியாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு இரண்டைப் பற்றியும் கவலை கிடையாது. மூன்றையும் ஒரே நாள்காட்டியில் பொருத்துகிற வேலை நோயாளியின் தலையில்தான் விழுகிறது.

உங்கள் உடலுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வது தேதி, தாள், பணம் ஆகியவற்றைப் பற்றி.

1. அவசரமா, காத்திருக்கலாமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புடைப்பு உள்ளே போக மறுக்கிறது, கடும் வலி, வாந்தி, காய்ச்சல், புடைப்பின் மேல் தோல் சிவந்து கறுக்கிறது, வாயு பிரியவில்லை: இவற்றில் எது வந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குடல் சிக்கி இரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். அப்போது வேட்டையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

அப்படி ஒன்றும் இல்லாத, தொந்தரவு குறைவான கவட்டுக் குடலிறக்கம் உள்ள ஆண்கள் மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இப்படிக் காத்திருந்த ஆண்களில் திடீரெனக் குடல் சிக்கிக்கொண்டவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அதே ஆட்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் பெரும்பாலும் வலி தாளாமல் அறுவைச் சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். அதாவது தள்ளிப்போடலாம், தப்பிக்க முடியாது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தொடைக் குடலிறக்கம் அவர்களுக்கு அதிகம் வருகிறது. அது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். எனவே பெண்கள் சீசனைப் பார்த்து நாளைத் தள்ள வேண்டாம்.

2. இறைச்சி சுமக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பலர் சீசன் தொடங்கும் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நடப்பதும் தொலைநோக்கியில் பார்ப்பதும் அறுவைச் சிகிச்சை ஆனவருக்குப் பெரிய சிரமமில்லை. சோதனை, மான் விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண் எல்க் சராசரியாக 220 கிலோ இருக்கும். எலும்போடு ஒரு பின்னங்கால் மட்டும் 25 முதல் 30 கிலோ. எலும்பை நீக்கினாலும் ஆண் எல்க்கில் 90 கிலோ அளவுக்கு இறைச்சி தேறும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது கொலராடோவில் சட்டப்படி குற்றம். எனவே "முடிந்த அளவு எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்கிற வழியே கிடையாது.

அமெரிக்காவில் பல அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு 5 முதல் 10 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்கிறார்கள். 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்கள் இதைவிடத் தாராளமானவை. வலி அனுமதிக்கும் அளவுக்கு விரைவில் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம் என்பது அவற்றின் நிலைப்பாடு. வழக்கமான வேலை என்பதில் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் தொடைக்கறியை முதுகில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குவது சேராது என்பது என் எண்ணம். ஆறு வாரத்தில் தடை நீங்கினாலும், ஒரு மாதமாகப் பளு தூக்காத உடலை மலைக்குத் தயாராக்க இன்னும் ஐந்தாறு வாரம் வேண்டும். ஆகவே பன்னிரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொலராடோ நாள்காட்டியில் இதை வைத்துப் பார்ப்போம். வில் வேட்டை செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து அந்த மாதம் முழுவதும் நடக்கிறது. முதல் துப்பாக்கி சீசன் அக்டோபர் நடுவில். இரண்டாவது அக்டோபர் கடைசியில். மூன்றாவது, நான்காவது இரண்டும் நவம்பரில். வில்லுக்குப் போகிறவர் ஜூன் தொடக்கத்துக்குள் அறுவைச் சிகிச்சையை முடித்திருக்க வேண்டும். முதல் துப்பாக்கி சீசனுக்கு ஜூலை நடு, மூன்றாவதற்கு ஆகஸ்ட் நடு. வில்லை இழுப்பது வயிற்றுத் தசையைக் கேட்கும் வேலை என்பதால் அந்தக் கணக்கில் தாராளம் காட்டாதீர்கள்.

இடைவெளி ஆறு வாரத்துக்கும் குறைவு என்றால் என் யோசனை இதுதான்: மருத்துவர் சம்மதித்தால் முதலில் வேட்டை, பிறகு அறுவை. சம்மதிக்காவிட்டால் முதலில் அறுவை. வேட்டை அடுத்த ஆண்டு. அறுவைக்குப் பின் மூன்றாவது வாரத்தில் கூடாரத்தில் படுத்துக்கொண்டு நண்பர்கள் சுமப்பதைப் பார்ப்பது இரண்டு பக்கத்துக்கும் நட்டம்.

3. மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

"கொஞ்சம் நடைப்பயிற்சி செய்வேன்" என்று சொன்னால் அலுவலக வேலைக்காரருக்குச் சொல்லும் பதில்தான் கிடைக்கும். எத்தனை கிலோ, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு உயரம், எந்தத் தேதி என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சாலையிலிருந்து எத்தனை மணி நேரத் தொலைவில் இருப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காத்திருக்கலாமா என்ற முடிவை அதுதான் மாற்றும்.

திறந்த முறையா, நுண்துளை முறையா, ரோபோ உதவியா என்ற கேள்விக்கு இணையத்தில் சண்டையே நடக்கிறது. நுண்துளை முறையில் தொடக்கத்தில் வலி குறைவு. வேலைக்குச் சற்று சீக்கிரம் திரும்பலாம். இரண்டு பக்கமும் இருந்தால் அதே துளைகள் வழியாக முடித்துவிடலாம். திறந்த முறையைப் பல இடங்களில் முழு மயக்கம் தராமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே செய்ய முடியும். இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்களுக்கு அது நல்லது. எந்த முறை என்பதைவிட அந்த முறையை அவர் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறார் என்று கேளுங்கள். பலவீனமான இடத்தைத் தாங்க உள்ளே செயற்கை வலை வைப்பாரா, மறுபக்கத்தையும் பார்ப்பாரா, நாள்பட்ட வலி வருகிற வாய்ப்பு எவ்வளவு என்பவையும் கேட்க வேண்டியவை. கடைசிக் கேள்விக்கு "வராது" என்று ஒருவர் பதில் சொன்னால் இன்னொருவரிடமும் கருத்துக் கேளுங்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் அது வருகிறது.

4. காப்பீடும் செலவும்: தாமதம் இங்கேதான்

என் விஷயத்தில் உடல் தேறியதைவிடக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம்தான் மெதுவாக வந்தது. குடும்ப மருத்துவர், அவருடைய பரிந்துரை, நிபுணரின் சந்திப்பு, முன் அனுமதி, அறுவை அரங்கில் இடம் என்று ஐந்து வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஓரிரு வாரம் போகும். ஜூலையில் அறுவை வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதத்திலேயே முதல் தொலைபேசி அழைப்பைச் செய்துவிடுங்கள். வேட்டை உரிமத்துக்கான குலுக்கலின் முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உரிமம் கிடைக்காவிட்டாலும் குடலிறக்கம் இருக்கத்தான் போகிறது.

நிபுணரின் அலுவலகத்தில் சிகிச்சைக் குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முதல்முறை செய்யும் திறந்த கவட்டு அறுவைக்கு வழக்கமாக 49505. நுண்துளை முறைக்கு 49650. இந்த எண்ணோடு காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். முன் அனுமதி தேவையா, மருத்துவரும் இடமும் வலையமைப்புக்குள் (நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ளவர்களின் பட்டியலுக்குள்) வருகின்றனவா, இந்த ஆண்டு டிடக்டிபிளில் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகையில்) இன்னும் எவ்வளவு பாக்கி, அதற்குப் பின் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் ஆகிய நான்கையும் கேளுங்கள். பேசியவரின் பெயரையும் அழைப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் அந்த ஒரு வரி உதவும்.

பில் ஒன்றாக வராது. நிபுணர், அறுவை அரங்கு, மயக்க மருந்து மருத்துவர் என்று தனித்தனியாக வரும். அரங்குக் கட்டணம்தான் பெரிது. அதே மருத்துவர் அதே அறுவையைப் பெரிய மருத்துவமனையில் செய்வதற்கும் தனி அறுவை மையத்தில் செய்வதற்கும் பல ஆயிரம் டாலர் வித்தியாசம் இருக்கலாம். வேறு நோய் இல்லாதவர் என்றால் மையத்தில் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை. மயக்க மருந்து மருத்துவர் வலையமைப்புக்கு வெளியே உள்ளவர் என்று தனியாகப் பெரிய பில் அனுப்புவது முன்பு வழக்கம். 2022 ஜனவரி 1 முதல் கூட்டரசுச் சட்டம் அதைத் தடுக்கிறது: வலையமைப்புக்குள் உள்ள இடத்தில் அறுவை நடந்தால் உங்கள் பங்குக்கு மேல் அவர் கேட்க முடியாது. காப்பீடு இல்லாதவர்கள் எழுத்து வடிவில் மதிப்பீடு கேட்டு வாங்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இப்போது நாள்காட்டிச் சிக்கல். பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்களில் டிடக்டிபிளில் நீங்கள் கட்டிய கணக்கு ஜனவரி 1 அன்று பழையபடி பூஜ்யத்துக்குத் திரும்பும். இந்த ஆண்டு ஏற்கெனவே பிரசவம், எலும்பு முறிவு என்று பணம் கட்டித் தீர்த்த குடும்பம் என்றால் அறுவையை டிசம்பர் 31க்குள் முடிப்பது லாபம். வேட்டை முடிந்த கையோடு நவம்பர் கடைசியில் செய்துகொள்வது பலருக்கு நல்ல வழி. ஆனால் ஊரே அதே கணக்கைப் போடுவதால் டிசம்பரில் அரங்கு கிடைப்பது கடினம். அந்த இடத்தை ஆகஸ்டிலேயே பிடித்து வையுங்கள். கொலராடோவில் அந்த மாதங்களில் வாசல் பனியை வாருவதற்கும் ஓர் ஆளைப் பிடித்து வையுங்கள். மண்வாரி நிறைய ஈரப் பனி, தூக்கக் கூடாது என்று சொன்ன எடையை எளிதில் எட்டிவிடும்.

கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய தாள்கள்: காப்பீட்டு அட்டையின் இருபக்க நகல், பரிந்துரைக் கடிதம், முன் அனுமதி எண், எழுத்து மதிப்பீடு, மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம். சுகாதாரச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால் ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள்.

5. அலுவலக விடுப்பு

மேசை வேலைக்காரர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். கிடங்கு, கட்டடம், உணவகச் சமையலறை என்றால் நான்கு முதல் ஆறு வாரம் கேட்க வேண்டியிருக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஓராண்டும் 1,250 மணி நேரமும் வேலை செய்திருந்தால், கூட்டரசின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்க உரிமை உண்டு. முன்கூட்டியே தெரிந்த அறுவைக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இங்கே ஒரு பொறி: சம்பள விடுப்பு முழுவதையும் அறுவைக்கே செலவழித்துவிட்டால் அக்டோபரில் வேட்டைக்கு ஒரு நாளும் மிஞ்சாது. குறுகிய கால ஊனக் காப்பீடு (உடல்நலமின்றி வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருவது) இருந்தால் அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். அதிலும் காத்திருப்பு நாள்கள் உண்டு. பல திட்டங்களில் ஒரு வாரம்.

6. வேட்டை உரிமம்

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்று இல்லாமல் கொலராடோவில் உரிமம் வாங்க முடியாது. வகுப்பை அறுவைக்குப் பின் சோபாவில் உட்கார்ந்திருக்கும் வாரங்களில் இணையத்தில் படித்துக்கொள்ளலாம். குலுக்கலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் தொடக்கம். இரண்டாவது, மூன்றாவது துப்பாக்கி சீசன்களில் பல பகுதிகளுக்கு ஆண் எல்க் உரிமத்தைக் குலுக்கல் இல்லாமல் ஆகஸ்டிலிருந்து நேரடியாகவே வாங்கலாம். உடல் எப்படித் தேறுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைப்பவர்களுக்கு இதுவே சரியான வழி. வெளிமாநிலத்தவருக்குச் சுமார் 800 டாலர் என்பதால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருந்தவர்களுக்கு அதில் ஒரு சிறு பங்குதான்.

குலுக்கலில் கிடைத்த உரிமத்தைப் பயன்படுத்த முடியாது என்று தெரிந்தால் சீசன் தொடங்கும் முன்பே மாநில வனவிலங்குத் துறையிடம் திருப்பிக் கொடுத்து, குலுக்கலில் முன்னுரிமை பெறச் சேர்த்து வைத்த புள்ளிகளை மீட்கப் பாருங்கள். கடைசி நேரத்தில் போனால் விதிகள் இறுகும். மருத்துவர் கடிதம் கையில் இருப்பது நல்லது. அந்தக் கடிதத்தை அறுவை முடிந்து மறுசந்திப்புக்குப் போகும்போதே கேட்டு வாங்குங்கள்.

எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. எனவே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சும்மா பயிற்சிக்கு" என்று நண்பரின் துப்பாக்கியைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். அறுவையின் விளைவு ஒரு சீசனோடு போகும். இதன் விளைவு அப்படியல்ல.

7. அறுவைக்கு முந்தைய வாரங்கள்

புகைப்பதை நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். காயம் ஆறுவதையும் இருமலையும் அது கெடுக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையைக் கையோடு செய்துகொள்ளுங்கள். அளவு அதிகமாக இருந்தால் நாளையே தள்ளிவைத்துவிடுவார்கள். பன்னிரண்டு வாரக் கணக்கும் அதோடு போகும். இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்துகளையும், எடை குறைக்கப் போடும் வாராந்தர ஊசியையும் மயக்க மருந்து மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி போடுகிறவர்களுக்கு வயிறு காலியாக அதிக நேரம் ஆகும்.

8. முதல் இரண்டு வாரம்

அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கார் ஓட்ட வேறொருவர் வேண்டும். அன்று மாலையே வீட்டுக்குள் நடங்கள். ஊரிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் "மூன்று மாதம் படுக்கையை விட்டு எழாதே" என்பார். சரி என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே பேசுங்கள். காலில் இரத்தக் கட்டி வராமல் காப்பது நடைதான்.

உண்மையான எதிரி மலச்சிக்கல். வீரியமான வலி மாத்திரை குடலை மந்தமாக்கும். முக்கினால் தையல் போட்ட இடம் இழுபடும். சாதாரண வலி நிவாரணிகளே போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீரியமானதை எடுப்பதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும், நிறையத் தண்ணீரும். மலத்தை இளக்கும் நார்ச்சத்து உமியான இசப்கோல் இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. விதைப்பையும் கவடும் வீங்கி நீலமாவது பலருக்கு நடப்பதுதான். ஐஸ் பொட்டலமும் இறுக்கமான உள்ளாடையும் உதவும். முன்பு புடைப்பு இருந்த இடத்திலேயே நீர் கோத்து மீண்டும் புடைத்தது போலத் தெரியலாம். அறுவை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறேழு மணி நேரம் சிறுநீர் பிரியவில்லை, காய்ச்சல், காயத்தில் சீழ் என்றால் உடனே அழையுங்கள். வீரியமான மாத்திரையை நிறுத்தி, பிரேக்கை முழு வேகத்தில் மிதித்தாலும் வலிக்காத நிலை வரும் வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

9. மலைக்குத் தயாராவது

முதல் மாதம் வெறும் நடை. தூரத்தைக் கூட்டுங்கள், எடையைக் கூட்டாதீர்கள். தடை நீங்கியதும் முதுகுப்பையில் 5 கிலோவோடு தொடங்கி வாரத்துக்கு 3, 4 கிலோ ஏற்றுங்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கவட்டில் அழுத்தம் தெரியும். ஆகவே இறக்கத்தில் சோதித்துப் பாருங்கள். இழுப்பது போன்ற லேசான உணர்வு சகஜம். மறுநாள் காலையிலும் குத்தல் இருந்தால் முந்தைய எடைக்கே திரும்புங்கள். முதுகுப்பையின் இடுப்புப்பட்டை தழும்பின் மேல் உரசுகிறதா என்பதை வீட்டிலேயே பாருங்கள். துளை முறையில் தொப்புள் தழும்பு, திறந்த முறையில் கவட்டுக்கு மேலே உள்ள தழும்பு. இரண்டிலும் பட்டை படலாம்.

10. மலையில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தனியாகப் போகாதீர்கள். மானைப் புரட்டுவதும் இழுப்பதும் உங்கள் வேலையல்ல என்று முகாமுக்குக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். சுட்ட பரபரப்பில் யாருக்கும் நினைவிருக்காது. வயிற்றைத் திறக்காமல், கிடந்த இடத்திலேயே தோலுரித்துக் கால்களைக் கழற்றும் முறையைப் பழகுங்கள். எலும்பை நீக்கித் துணிப்பைகளில் பிரித்தால் ஒரு நடைக்கு 12, 15 கிலோவாகக் குறைத்துக்கொள்ளலாம். நடைகள் கூடும், அவ்வளவுதான். பாலினத்தைக் காட்டும் உறுப்பு இறைச்சியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் கத்தி வைக்கும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

குதிரை வைத்து இறைச்சியை இறக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சில நூறு டாலர் முதல் ஆயிரம் டாலருக்கு மேலும் ஆகலாம். மாநிலப் பதிவும், தேசிய வனமாக இருந்தால் வனத்துறை அனுமதியும் உள்ளவரா என்று கேட்டு, சீசனுக்கு முன்பே பேசி வையுங்கள். மான் விழுந்த பிறகு அழைத்தால் குதிரைகள் வேறெங்காவது போயிருக்கும்.

உயரத்தில் காற்று வறண்டது. தண்ணீர் குடிப்பது குறைகிறது. முகாம் சாப்பாட்டில் நார்ச்சத்து கிடையாது. மலச்சிக்கல் இங்கேயும் துரத்தி வரும், அதே இசப்கோலை எடுத்துச் செல்லுங்கள். அறுவை செய்யாமல், மருத்துவர் சம்மதத்தோடு குடலிறக்கத்தோடேயே போகிறவர்கள் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவியை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை அரங்கு உள்ள மருத்துவமனை எந்த ஊரில் இருக்கிறது, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று தாளில் எழுதிக் கூட்டாளியிடம் கொடுங்கள். மலையடிவாரச் சிற்றூர்கள் எல்லாவற்றிலும் இரவில் அறுவைச் சிகிச்சை நிபுணர் இருப்பதில்லை. எந்த அறிகுறி வந்தால் கேட்காமலே கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நீங்கள் "பரவாயில்லை, விடியட்டும்" என்றுதான் சொல்வீர்கள்.